எந்தத் திருமதி டெல்மர்?

பிளம் கிரீக், இண்டியானா
மார்ச் 19, 1988

வெர்லா அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டேன். "நடீன் பேசறேன்" என்றதுமே வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டதற்கு, "எழுதினா படிப்பேன். உன் குரலக் கேக்கற பாக்கியம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அப்போதும் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முன்பு உங்களை விட்டது போலவே டெல்மர் பிப்ரவரியில் என்னையும் விட்டுப் போய்விட்டான். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ஒருத்தியோடு இருக்கிறான். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இருக்கட்டும்.

போன சனிக்கிழமை துப்பாக்கிக் கிளப்பில் வசந்த விருந்து. பள்ளிக்கூடச் சமையல்காரி என்பதால் வருடா வருடம் நான்தான் சமைப்பேன். இந்த வருடமும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன், போனேன். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். சுவரில் அக்டோபர்ப் போட்டியில் ஜெயித்தவர்கள் பெயர்ப்பலகை இருக்கிறதே, அதன் கீழேயே போய் நின்றார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள் அவளிடம், "அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்திரண்டு, மூணு தடவ திருமதி டெல்மர் ஹாஸ்னு போட்டிருக்கே, நீங்கதானா?" என்று கேட்டான். அவள் 'இல்லை' என்று சொல்லவில்லை. சிரித்தாள். அறுபத்தொன்பதில் அவளுக்கு எட்டு வயது இருந்திருக்கும்.

டெல்மர் அவள் தோளில் கையைப் போட்டு, "நம்ம வீட்டம்மா யாரா இருந்தாலும் சுடுவாங்கப்பா" என்றான். பிறகு அவரைக்காய்ப் பானையோடு நின்ற என்னைப் பார்த்தான். "இவ ஒருத்தியத் தவிர. இவளுக்குச் சுடத் தெரிஞ்சது ரொட்டி மட்டுந்தான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. என் கையால் செய்த ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

தபாலில் ஒரு ரிவால்வர் வாங்கிவிட்டேன். பழைய மாதிரியில் இத்தாலிக்காரன் செய்தது. பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அக்டோபர்ப் போட்டியில் அவனை எல்லார் எதிரிலும் தோற்கடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆட்களில் அவனைத் தோற்கடித்த ஒரே ஆள் நீங்கள்தான். சொல்லிக்கொடுங்கள்.

நடீன்

*

லூயிஸ்டவுன், மொன்டானா
மார்ச் 30, 1988

திருமதி டெல்மர் ஹாஸுக்கு,

அக்கா என்று எழுதாதே. எனக்குத் தங்கை கிடையாது.

அந்தப் பல் டாக்டர்க்காரி சிரித்தாள் என்று பத்து வரி எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரிகைத் துண்டின் நகல் வைத்திருக்கிறேன், பார். 1978. பலகையின் கீழே நிற்பது யார்? "மும்முறை வென்ற திருமதி ஹாஸ் தன் வெற்றிகளின் கீழ்" என்று போட்டிருக்கிறார்கள். உன் பல் எல்லாம் தெரிகிறது. அந்த மூன்று வருடமும் சுட்டவள் நான். நீ அப்போது அந்த ஊரிலேயே இல்லை.

இருந்தாலும் சொல்லித் தருகிறேன். உனக்காக இல்லை. அவன் முகம் சுண்டிப் போவதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடம். கருமருந்து மட்டும். கடையில் புகையில்லாத மருந்து என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதைப் போட்டால் துப்பாக்கி உன் கையிலேயே வெடிக்கும்.

சுத்தியலைப் பாதி இழுத்தால் உருளை சுற்றும். ஆறு அறை இருக்கும். ஐந்தில்தான் நிரப்ப வேண்டும். காலியான ஆறாவதின் மேல் சுத்தியல் உட்கார வேண்டும். ஆறையும் நிரப்பி இடுப்பில் செருகிக்கொண்டவர்கள் சிலருக்குப் பாதத்தில் விரல் குறைவு. ஒவ்வொரு அறையிலும் இருபது கிரெயின் மருந்து, கிட்டத்தட்ட கால் டீஸ்பூன், அதன் மேல் மிச்ச இடம் அடைக்கிற அளவு சோள மாவு. நீ சமையல்காரி, அளப்பதற்கு உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு ஈயக் குண்டு. அறையின் வாயைவிடக் குண்டு ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்தினால் ஈயம் ஒரு வளையமாகச் சீவிக்கொண்டு வரும். வளையம் வந்தால் குண்டு சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

குண்டின் மேல் கொழுப்பு தடவு. கேக்குக்குப் போடுகிற வெள்ளைக் கொழுப்பே போதும். தடவாமல் விட்டால் ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவி ஐந்தும் ஒன்றாகப் போகும். அப்புறம் ரொட்டி சுடவும் கை இருக்காது.

சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் செப்புத் தொப்பிகளைக் கடைசியில்தான் பின்னால் இருக்கும் காம்புகளில் மாட்ட வேண்டும். அதுவும் களத்தில் நின்று, குழலை இலக்குப் பக்கம் திருப்பிய பிறகு.

வெர்லா கின்கெய்ட்

*

பிளம் கிரீக்
ஏப்ரல் 24, 1988

வெர்லா அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. 'கொழுப்பு' என்பதை 'கருப்பு' என்று படித்துவிட்டு அரைமணி நேரம் எதைக் கருப்பாக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

பழைய ஜல்லிக்குழியில் போய்ச் சுட்டுப் பார்த்தேன். முதல் தடவை விசையை அழுத்தியதும் எதிரே வெறும் வெள்ளைப் புகை. இலக்கு அட்டை எங்கே என்றே தெரியவில்லை. அழுகின முட்டை வாசனை. புகை விலகியதும் பார்த்தால் அட்டையில் ஒன்றுமில்லை, பின்னால் இருந்த மண்மேட்டில் ஒரு குழி. எனக்குச் சிரிப்பு வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஆனால் மூன்றாவது சுட்டதும் உருளை இறுகிப் போய்விட்டது. சுத்தியல் வரவில்லை, அது சுற்றவுமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினால், வெடித்த செப்புத் தொப்பியின் ஒரு துண்டு உள்ளே விழுந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

சோப்புத் தண்ணீரில் கழுவி, கேக் வைப்பதற்குப் பாதிச் சூட்டில் அடுப்பில் உலர்த்தி, லேசாக எண்ணெய் துடைத்து வைத்தேன். அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் வீடு கந்தகம் நாறுகிறது. போன ஞாயிறு செய்த பிஸ்கட்டிலும் நாறியது.

அந்தப் படத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

நடீன்

*

லூயிஸ்டவுன்
மே 9, 1988

திருமதி டெல்மர் ஹாஸுக்கு,

எழுதப் போவதில்லையா. சரி.

தொப்பித் துண்டு விஷயம். சுட்டதும் குழலை அப்படியே வானத்துக்குத் தூக்கி, அந்த நிலையில் சுத்தியலை இழு. உடைந்த தொப்பி பின்பக்கமாக வெளியே விழும். குழலைக் கீழே வைத்துக்கொண்டு இழுத்தால் உள்ளே விழும். விஷயம் இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலம் ஆனது.

டெல்மருக்கும் சொல்லிக்கொடுத்தேன். "துப்பாக்கியத் தூக்கித் தூக்கிக் கொசு அடிக்கச் சொல்றியா? பொம்பள வேல" என்றான். இன்றுவரை செய்திருக்க மாட்டான். நான் சொல்லிக்கொடுத்தது என்பதற்காகவே செய்ய மாட்டான்.

ஜூனில் கிளப்பில் சின்னப் போட்டி வைப்பார்கள். அதில் கலந்துகொள். கூட்டத்தின் நடுவில் சுட்டுப் பழக வேண்டும். ஜூனில் அங்கே காற்று ஈரமாக இருக்கும், துரு பிடிக்கும். அதனால் முந்தின நாள் அறைகளுக்குள் எண்ணெயைத் தாராளமாக விட்டு வை. காம்பின் துளையிலும் நிறைய விடு. மறுநாள் அப்படியே எடுத்துக்கொண்டு போய் நிரப்பிச் சுடு.

வெர்லா கின்கெய்ட்

*

பிளம் கிரீக்
ஜூன் 13, 1988

வெர்லா அவர்களுக்கு,

ஐந்து தடவை விசையை அழுத்தினேன். ஐந்து தடவை தொப்பி மட்டும் 'டப்' என்றது. ஒரு குண்டுகூட வெளியே போகவில்லை. முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், எல்லார் துப்பாக்கியும் ஓய்ந்துவிட்டது. என்னுடையது மட்டும் 'டப்', 'டப்'. வெறும் தொப்பி வெடிக்கிற சத்தம் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது.

களத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து உருளையைக் கழற்றிச் சாய்த்தார். ஒரு அறையிலிருந்து மருந்தும் மாவும் எண்ணெயும் சேர்ந்து கூழாக அவர் பூட்ஸில் சொட்டியது.

டெல்மர் எட்டிப் பார்த்தான். "தாளிக்கறதுக்கு எண்ண ஊத்திட்டாப்பா. கடுகு போட மறந்துட்டா."

பல் டாக்டர்க்காரி கைதட்டினாள்.

பெரியவர், "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம். "யாருமில்லைங்க" என்றேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்ணெயைத் துடைக்கச் சொல்ல மறந்துவிட்டீர்களா, வேண்டுமென்று சொல்லாமல் விட்டீர்களா? மறந்துவிட்டேன் என்று எழுதினால் நம்புகிறேன்.

நடீன்

*

லூயிஸ்டவுன்
ஜூன் 21, 1988

மறக்கவில்லை. வேண்டுமென்றுதான்.

நிரப்பும் முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காம்பிலும் வெறும் தொப்பி மாட்டி வெடித்து, துளையை உலர்த்த வேண்டும். நேற்று முதல்முறை துப்பாக்கி பிடித்தவனுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். உனக்குச் சொல்லவில்லை. ஆபத்து வராது, அவமானம் மட்டும் வரும் என்று தெரிந்தே செய்தேன். அந்தப் படத்துக்காக.

பத்து வருடம் முன்பு அந்தப் பத்திரிகைத் துண்டு எனக்கு வந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? இங்கே பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். 'வேறு சிறப்புத் திறமைகள்' என்று ஒரு வரி இருந்தது. 'துப்பாக்கிச் சுடும் போட்டியில் மும்முறை முதல் பரிசு' என்று எழுதியிருந்தேன். உன் படத்தைப் பார்த்த பிறகு அதை அடித்துவிட்டேன். யாராவது விசாரித்தால் பலகையில் இருப்பது நீ.

உன்னோடு எனக்கிருந்த கணக்கு ஐந்து 'டப்'போடு தீர்ந்துவிட்டது. அவனோடு தீரவில்லை. இனி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

இன்னொன்று. கோழி கிளறுவதற்குக் காரணம், மூன்று வருடமாக என் வலது கை நடுங்குகிறது. அதனால்தான் நானே வந்து அவன் பக்கத்தில் நிற்காமல் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெர்லா

*

பிளம் கிரீக்
ஆகஸ்ட் 2, 1988

வெர்லா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை அடுப்பில் போடப் போனேன். ஆறு வாரம் ஆகிவிட்டது, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். பத்திரிகைக்காரர் வந்து, "திருமதி ஹாஸ் நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன், அது பொய் இல்லை. பலகையைக் காட்டி, "இது மூணும் உங்களோடதா?" என்றார். டெல்மர் பின்னாலிருந்து என் தோளை அழுத்தினான். ஆமாம் என்றேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சுடும்போது மூச்ச அடக்கிப்பேங்க" என்று நானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் என்னை அதற்கு முன் எதற்கும் படம் எடுத்ததில்லை. எனக்கு ஆசையாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எண்ணெயில் வசூலித்துவிட்டீர்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் தினமும் ஜல்லிக்குழிக்குப் போகிறேன். குழலைத் தூக்கியே சுத்தியலை இழுக்கிறேன். ஜூலை முழுக்க ஒரு தடவைகூட மாட்டிக்கொள்ளவில்லை. பத்து குண்டுக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு புள்ளி எடுக்கிறேன். அவன் தொண்ணூற்றொன்று எடுப்பான். அந்த மூன்றை எங்கே கண்டுபிடிப்பது?

நடீன்

*

லூயிஸ்டவுன்
செப்டம்பர் 10, 1988

நடீனுக்கு,

மூன்றை நீ கண்டுபிடிக்க வேண்டாம். அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பேர் கொடுக்கும்போது அவனுக்கு அடுத்த இடத்தைக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழலை நன்றாக, மெதுவாக, அவன் கண்ணில் படும்படி வானத்துக்குத் தூக்கு. கொசு அடி. அதைப் பார்க்கப் பார்க்க அவன் குழலை இன்னும் தாழ்த்திப் பிடிப்பான். அவனோடு பதினாறு வருடம் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன். அவன் தொப்பிகள் காம்பில் தளர்வாக இருக்கும், விரலால் நசுக்கி மாட்டுவான். நசுக்கிய தொப்பி எளிதில் பிளக்கும். முதல் ஐந்தில் தப்பினாலும் இரண்டாவது ஐந்தில் மாட்டும். மாட்டினால் பொறுமையாகக் கழற்ற மாட்டான், மேஜையில் ஓங்கித் தட்டுவான். துண்டு இன்னும் உள்ளே போகும். பத்து குண்டுக்கு இருபது நிமிடம்தான். நீ அவன் பக்கம் திரும்பவே கூடாது.

ஜெயித்தவர்தான் ஏணியில் ஏறி அந்த வருடத்துப் பெயரை எழுத வேண்டும் என்பது அந்தக் கிளப் வழக்கம். ஏணியில் இருப்பவர் கையை யாரும் பிடிக்கக் கூடாது, எழுதியதை அடுத்த வருடம் ஜெயிப்பவர் ஏறும்வரை யாரும் தொடவும் கூடாது. மூன்று தடவையும் நான்தான் ஏறினேன். அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் தடவை 'வெ' என்று ஆரம்பித்தேன். "ஏய், திருமதி டெல்மர் ஹாஸ்னு எழுது. வெர்லான்னா ஊர்ல யாருக்குத் தெரியும்?" என்றான். ஈரத்துணியால் 'வெ'யைத் துடைத்துவிட்டு அவன் சொன்னதை எழுதினேன். என் கையாலேயே எழுதினேன், நடீன். மூன்று தடவை. அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெர்லா

*

பிளம் கிரீக்
அக்டோபர் 17, 1988

வெர்லா,

முதலில் புள்ளிகள். நான் எண்பத்தொன்பது. எனக்கு அடுத்தவர் எண்பத்தேழு. டெல்மர் அறுபத்தாறு.

காலையில் மூடுபனி. அவனுக்கு இடது பக்கம் இடம் கேட்டு வாங்கினேன். "ரொட்டி கொண்டாந்தியா?" என்றான்.  எண்ணெயைத் துடைத்து, ஐந்து வெறும் தொப்பி வெடித்தேன். "ஆஹா, கடுகு பொரியுது" என்றான். ஒவ்வொரு குண்டுக்கும் கொசு அடித்தேன். மூன்றாவது குண்டிலேயே அவனுக்குப் பொறுக்கவில்லை. "யார்ட்டக் கத்துக்கிட்ட இத?" என்றான். "உன் வீட்டம்மாகிட்ட" என்றேன். 

எட்டாவதை நிதானமாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மேஜையில் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நான் திரும்பவில்லை. பெரியவர், "டெல்மர், தட்டாதப்பா, கழட்டு" என்றார். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஏழு குண்டோடு நேரம் முடிந்துவிட்டது.

மாலை எல்லாரும் நான் செய்த பெர்சிமன் பழப் புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏணியைக் கொண்டுவந்தார்கள். கறுப்புப் பெயின்ட், வெள்ளைப் பெயின்ட் இரண்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன். கல்யாணத்துக்கு முந்தின என் பெயரில் '1988 நடீன் பர்டெட்' என்று எழுதினேன். கைதட்டினார்கள். நான் இறங்கவில்லை. வெள்ளையால் உன் மூன்று வரிகளையும் அடித்துவிட்டு ஒவ்வொன்றிலும் 'வெர்லா கின்கெய்ட்' என்று எழுதினேன். கைதட்டல் நின்றது.

அப்போதும் இறங்கவில்லை. டெல்மர் பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. எழுபத்தொன்று, எழுபத்துமூன்று இரண்டிலும் அவன் பெயரை அடித்துவிட்டு 'வெர்லாவின் கணவர்' என்று எழுதினேன். எழுபத்தேழிலிருந்து வரும் நான்கிலும் 'நடீனின் கணவர்'.

கீழே வந்து ஏணியை உலுக்கினான். "எறங்குடி. என் பேர எழுது."

"டெல்மர்னா ஊர்ல யாருக்குத் தெரியும்?" என்றேன்.

பெரியவர் அவன் கையை ஏணியிலிருந்து எடுத்துவிட்டு, "ஏணியில இருக்கறவங்களத் தொடக் கூடாதுப்பா. வழக்கம்" என்றார். முதலில் சிரித்தது அந்தப் பல் டாக்டர்க்காரி. பிறகு கூடம் முழுக்க. இந்தத் தடவையும் என் புட்டிங்கை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள், ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கோட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டான். அவள் வேறு யாரோடோ வீட்டுக்குப் போனாள்.

படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. நான் படத்தில் இல்லை. பலகை மட்டும்.

நடீன்

*

லூயிஸ்டவுன்
அக்டோபர் 26, 1988

நடீனுக்கு,

படத்தைப் பஸ்ஸில் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் "யாரு வெர்லா கின்கெய்ட்?" என்று கேட்டார்கள். சொன்னேன். நம்பவில்லை. பரவாயில்லை, தினமும் ஏறி இறங்கும்போது படிக்கட்டும்.

'நடீனின் கணவர்' என்று நான்கு தடவை படிக்கும்போது அவன் காது எப்படிச் சிவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நேற்று பஸ்ஸை ஒரு நிறுத்தம் தாண்டி ஓட்டிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வா. அடுத்த அக்டோபரில் அவன் ஜெயித்தால் முதல் வேலையாக ஏணியில் ஏறி ஆறையும் அழிப்பான், என் மூன்றையும் சேர்த்து அழிப்பான். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்வான். வெட்கத்தை விட்டுக் கொசு அடிக்கவும் கற்றுக்கொள்வான். அதனால் நம் இருவரில் ஒருத்தி மறுபடி ஜெயித்தாக வேண்டும்.

அது நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடுங்குவது என் வலது கைதான். ஜூன் மாதம் உன் ஐந்து 'டப்' கடிதம் வந்ததிலிருந்து இடது கையால் சுட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதமும் இடது கையால்தான் எழுதுகிறேன். இப்போது கோழி கிளறவில்லை, பார்த்தாயா?

பேர் கொடுக்கும்போது எனக்கு உன் பக்கத்து இடத்தைப் பிடித்து வை. அந்த எண்ணெய் விஷயம் தவிர உனக்குச் சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்லா கின்கெய்ட்